குடத்துக்குள் போகாத பெயர்

“தடையை உடைத்தவர்” என்று ஒரு விளையாட்டு வீரரைப் பாராட்டிப் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் மனம் ஓரிடத்தில் இடறுகிறது. பாராட்டில் பொய் இல்லை. அவர் பட்ட பாடும் உண்மை, எட்டிய உயரமும் உண்மை. ஆனால் அந்தப் பேச்சில் தடைக்குச் சொந்தக்காரர் கிடையாது. மழை வெயில் போல அது தானாகவே அங்கே இருந்தது, ஒருவர் வந்தார், திறமையால் உடைத்தார், கதை முடிந்தது. யார் கட்டினார்கள், யார் காவல் நின்றார்கள், அவர் உள்ளே வந்த பிறகும் எந்த அறை சாத்தியே கிடந்தது என்று கேட்க அங்கே இடமில்லை. உத்திரமேரூர் வட்டாரத்தில் கோடையில் ஏரிகள் வற்றியதும் இந்தக் கேள்வி எனக்கு இன்னும் கூர்மையாகிவிடுகிறது. வெடித்துக் கிடக்கும் களித்தரையில் வேலிகாத்தான் முள்ளை வெட்டி ஒதுக்கி, நடுவில் இருபத்திரண்டு கஜத்துக்கு மட்டும் தண்ணீர் தெளித்து உருட்டி, டென்னிஸ் பந்து டோர்னமெண்ட் நடக்கும். கரையோர நிழலில் பைக்குகள், மதகுக்கட்டையில் ஸ்கோர் நோட்டு, மைக்கில் ஓயாத வர்ணனை. ஊர் டீம் ஒன்று, காலனி டீம் ஒன்று என்று இருப்பதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. பரிசுத்தொகை பெரிதாக இருந்தால் காலனியிலிருந்து ஒரு நல்ல பவுலரை ஊர் டீம் கேட்டு வாங்கிக்கொள்வதும் உண்டு. அவன் நான்கு ஓவர் போடுவான், விக்கெட் எடுப்பான், தோளில் கைபோட்டுப் படம் பிடித்துக்கொள்வார்கள். படத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்றே தோன்றும். அணியை எழுதும் நோட்டு யார் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது, கேப்டன் யாரென்று எவர் சொல்கிறார், கோப்பை எந்தத் தெருவுக்குப் போகிறது, ஜெயித்த இரவில் கறிச்சோறு ஆக்கும் வீட்டில் அவன் எந்தப் படி வரைக்கும் வரலாம் என்பவை படத்தில் விழுவதில்லை.

இந்த ஊரில் இருந்துகொண்டு தேர்வைப் பற்றி யோசித்தால் எண்ணம் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவருக்குத்தான் போகும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதிகளை அங்கே வெட்டிவைத்தார்கள். முப்பது குடும்புகள், குடும்புதோறும் தகுதி உடையவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, எல்லாரும் காணக் குலுக்கி, உள்விவரம் அறியாத ஒரு சிறுவனைக்கொண்டு எடுக்கச் சொல்ல வேண்டும். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர். கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் இடமில்லை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமர் இந்தக் கல்வெட்டைச் சொன்னபோது எங்கள் வட்டாரமே பெருமைப்பட்டது. எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு அதிகாரத்தைச் சந்தேகித்து விதி எழுதிய மனிதர்களை மதிக்காமல் இருக்க முடியாது. ஆனால் அதே கல் இன்னொன்றையும் சொல்கிறது. ஓலையில் பெயர் ஏற, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். வேதத்தோடு பாஷ்யமும் கற்றிருந்தால் அரைக்கால் வேலி போதும். தாழ்ந்தோர் என்று கருதப்பட்டவர்களின் சேர்க்கையால் தீட்டுப்பட்டவன், பரிகாரம் செய்து தூய்மையானாலும், ஆயுள் முழுதும் குடத்துக்கு ஆகாதவன். குலுக்கலில் ஒரு களங்கமும் இல்லை. சிறுவனின் கை யாருக்கும் சாயவில்லை. அந்தக் கைக்கு எட்டும் ஓலைகள் எவை என்பது அவன் கையை விடும் முன்பே முடிவாகிவிட்டது. ஏரியில் இறங்கித் தூர் எடுத்தவர்களின் பெயர் ஏரி வாரியத்தின் குடத்தில் கிடையாது. அவர்களுடைய உழைப்பு ஏரிக்குள் இருந்தது, பெயர் ஊருக்கு வெளியே இருந்தது.

பல்வாங்கர் பாலுவைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இந்தக் குடமும் கூடவே வருகிறது. சமார் சாதியில் பிறந்த அவர் பூனாவில் பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில் தரை பெருக்கி, பிட்ச் உருட்டி, மாதம் மூன்று ரூபாய் வாங்கினார். பிறகு வெள்ளையரின் பூனா கிளப்பில் நான்கு ரூபாய். அங்கே வலை கட்டுவதும் கோடு போடுவதும் தவிர, பயிற்சிக்கு வரும் ஐரோப்பியர்களுக்குப் பந்து வீசுவதும் அவர் வேலையானது. ஜே. ஜி. கிரெய்க் என்ற பெரிய மட்டையாளர் மற்றவர்களுக்கு முன்பே வந்து பாலுவிடம் பழகுவார் என்றும், தன்னை அவுட் ஆக்கும் ஒவ்வொரு முறையும் எட்டணா கொடுப்பார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. எட்டணாவைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறு: ஆயிரக்கணக்கான பந்துகளை வீசிய அந்த வலையில் அவர் கையில் மட்டை கொடுக்கப்படவில்லை. இடக்கை சுழற்பந்தில் அவர் கற்ற நுட்பம் முழுவதும் பிறர் மட்டையைத் தேற்றுவதற்காகச் செலவானது. பூனா இந்துக்கள் ஐரோப்பியர்களை ஜெயிக்க ஆள் தேடியபோது விவாதித்து, தயங்கி, கடைசியில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே, தூக்கி எறியும் மண்குவளையில் தேநீர் வந்தது. பந்துக்குத் தீட்டு இல்லை, குவளைக்கு உண்டு. விளையாட்டு சாதியை மறக்கடிக்கும் என்று மேடைகளில் சொல்கிறோம். அது எவ்வளவு நேரத்துக்கு, எந்தக் கோடு வரைக்கும் என்பதை அந்தத் தேநீர் வேளை துல்லியமாக அளந்து காட்டிவிட்டது.

1911-இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து போனது. பல ஆட்டங்களில் தோற்று நொந்த அந்தப் பயணத்தில் பாலு மட்டும் எல்லா ஆட்டங்களிலுமாக 114 விக்கெட் எடுத்தார். அதன் பிறகும் ஆண்டுக்கு ஆண்டு பம்பாயில் நடந்த நான்முனைப் போட்டிகளில் இந்து அணியின் முதுகெலும்பு அவர்தான். தலைவர் மட்டும் அவர் இல்லை. 1913-இல் தலைவரான எம். டி. பை என்ற பிராமணர், இந்தக் கௌரவம் மூத்தவரும் அனுபவசாலியுமான பாலுவுக்குப் போயிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். நல்ல மனம்தான். ஆனால் தேர்வுக்குழு அதைக் கேட்டுவிட்டு அடுத்த ஆண்டும் பழைய வழியிலேயே போனது. இதில் ஒரு வேலைப் பிரிவினை தெரிகிறது. பந்து வீசுவது உடம்பை அரைக்கும் வேலை. வெயிலில் ஓவர் ஓவராக உழைக்கலாம், அதற்கு ஆள் தேவை. எங்கே யாரை நிறுத்துவது, யாருக்குப் பந்தைக் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்று சொல்வது வேறு வேலை. அதற்கு ஒரு மனிதனின் சொல்லுக்குப் பத்துப் பேர் கட்டுப்பட வேண்டும். விலக்கப்பட்டவனின் கையைச் சேர்த்துக்கொள்ளும் சமூகம் அவன் சொல்லைக் கேட்டு நடக்கத் தயங்குகிறது. கடல் கடந்து பார்த்தாலும் இதே வரிசைதான். மேற்கிந்தியத் தீவுகளில் கறுப்பர்கள் பந்து வீசினார்கள், ரன் குவித்தார்கள். முழுத் தொடருக்கும் தலைமை ஏற்க ஃபிராங்க் வொரெல் 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதற்கும் சி. எல். ஆர். ஜேம்ஸ் பத்திரிகையில் விடாமல் எழுத வேண்டியிருந்தது. அமெரிக்க பேஸ்பாலில் ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரல் 15-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காக இறங்கியதை உலகம் கொண்டாடுகிறது. 1884-லேயே மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பர் முதல்தர லீக்கில் ஆடியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் வெள்ளை முதலாளிகள் எழுதாத ஓர் உடன்பாட்டால் வாசலை அடைத்தார்கள். ராபின்சன் உடைத்தது என்றைக்கோ இருந்த மலையை அல்ல; பெயர், முகவரி உள்ள ஆட்கள் கட்டிய சுவரை. அவர் 1972 அக்டோபரில், இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பு, உலகத் தொடர் மேடையில் நன்றி சொல்லிவிட்டு, ஒரு கறுப்பு மேலாளரையும் பார்க்க ஆசை என்றார். அப்படி ஒருவர் வந்தது 1975-இல். ஆட வந்ததற்கும் ஆட்டத்தை நடத்த வந்ததற்கும் நடுவே இருபத்தெட்டு ஆண்டுகள்.

நம் பக்கத்தில் நிறத் தடையை உடைத்த கதை சேப்பாக்கத்தில் இருக்கிறது. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் பெவிலியனில் ஐரோப்பியர்கள் மதிய உணவு உண்ண, ஆட வந்த இந்தியர்கள் மரத்தடியில் சாப்பிட்டார்கள் என்றும், அந்தக் காட்சி பொறுக்காமல் புச்சி பாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார் என்றும் சொல்வார்கள். அவர் இங்கிலாந்திலிருந்து மட்டை தருவித்தார், பிள்ளைகளைத் திரட்டினார், பயிற்சி கொடுத்தார். வெள்ளையரோடு சரிக்குச் சரி ஓர் ஆட்டம் ஏற்பாடு செய்துவிட்டு, அது நடப்பதற்குள் 1908-இல் இறந்துபோனார். பின்னால் பொங்கலை ஒட்டி ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் ஆண்டுதோறும் நடந்த மாகாணப் போட்டி அவர் கனவின் தொடர்ச்சிதான். பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் மொறப்பாக்கத்தில் பிறந்த எம். ஜே. கோபாலன் அந்தச் சேப்பாக்கத்தில் 1934 நவம்பர் 4-ஆம் தேதி ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசினார். அவரைக் கண்டெடுத்து, பர்மா ஷெல்லில் வேலை வாங்கிக்கொடுத்து வளர்த்தவர் ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். உத்திரமேரூரும் அதே ஜில்லாவில் இருந்த ஊர் என்பதால் கோபாலன் எனக்கு மண்ணின் மனிதர். இந்தக் கதை எனக்குப் பிடித்தது, அதை யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இருந்தாலும் ஒன்றைக் கேட்காமல் தாண்ட முடியவில்லை. மரத்தடியில் உட்காரவைக்கப்பட்ட அவமானத்தை உணர்ந்த மனிதர்களின் கிளப்புகள் பிறகு வளர்ந்தன, லீக் வளர்ந்தது, பெவிலியன் அவர்கள் வசமானது. அந்த மைதானத்தில் புல் வெட்டியவர்களும் தண்ணீர் ஊற்றியவர்களும் எந்தச் சேரிகளிலிருந்து வந்தார்களோ அந்தச் சேரிகளுக்கு ஓர் ஓலை எழுதும் எண்ணம் அங்கே தோன்றவில்லை. தனக்கு மேலே இருந்த சுவரை இடிக்கத் தெரிந்த சமூகம் தன் காலடியில் இருந்ததைத் தரை என்றே நினைத்துக்கொண்டது.

கல்வெட்டை மறுபடி யோசிக்கிறேன். 919-ஆம் ஆண்டு விதியில் வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள். 921-இல் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று திருத்தினார்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவன் மறுபடி வரக் கூடாது. இதைப் படிக்கும்போது 2016 ஜூலையில் இந்தியக் கிரிக்கெட் வாரியத்துக்காக உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட நீதிபதி லோதா குழுவின் பரிந்துரைகள் நினைவுக்கு வருகின்றன. நிர்வாகிகளுக்கு எழுபது வயது வரம்பு. ஒரு முறை பதவி வகித்தால் மூன்றாண்டு விலகல். பிறகு அந்த விலகல் தளர்த்தப்பட்டது. ஆயிரத்து நூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு குழுக்கள் ஒரே எண்களுக்கு வந்து சேர்ந்ததில் ஒரு வியப்பு இருக்கிறது. அதிகாரத்தில் ஒட்டிக்கொள்ளும் மனிதனை எப்படி எழுப்புவது என்று இரண்டுமே அக்கறையோடு யோசித்திருக்கின்றன. எழுந்தவனின் இடத்துக்கு யாருடைய பெயர் வரவே முடியாது என்ற கேள்வி இரண்டிலும் இல்லை. சபைக்கு அந்தக் கேள்வி தோன்ற வழியில்லை, அதன் உலகம் அவ்வளவு. நமக்கு 1950-இல் ஓர் அரசியல் சாசனம் கிடைத்த பிறகும் விளையாட்டுக்குள் அது தோன்றாமல் இருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இட ஒதுக்கீடு என்று யாராவது வாயெடுத்தால் “விளையாட்டில் திறமை மட்டும்தான்” என்று உடனே பதில் வருகிறது. திறமை மட்டும்தான் என்றால் 114 விக்கெட் எடுத்த பாலு ஏன் தலைவராகவில்லை என்பதற்கு அந்தப் பதிலில் விடை இல்லை.

இந்தியா லார்ட்ஸில் தன் முதல் டெஸ்டை ஆடியது 1932 ஜூனில். அதே ஆண்டு செப்டம்பர் 24-இல், பாலு ஒரு காலத்தில் பிட்ச் உருட்டிய அதே பூனாவில், பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. தாழ்த்தப்பட்டோர் தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் தனித் தொகுதியை அம்பேத்கர் பெற்றிருந்தார். காந்தியின் உண்ணாவிரதத்தின் முன் அதை விட்டுக்கொடுத்து, பொதுத் தொகுதியில் ஒதுக்கீட்டு இடங்களை ஏற்றார். அந்தப் பேச்சுவார்த்தையில் சென்னையின் எம். சி. ராஜாவும் பல்வாங்கர் பாலுவும் காந்தியின் பக்கம் நின்றார்கள். 1937 பம்பாய்த் தேர்தலில் காங்கிரஸ் பாலுவை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது, பாலு தோற்றார். ஒரு காலத்தில் பாலுவை வியந்து போற்றியவர் அம்பேத்கர். இந்த இரண்டு பேரையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும்போது யார் பக்கம் நிற்பது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை, அம்பேத்கர் பக்கம்தான். ஆனால் பாலுவின் மீது கோபமும் வரவில்லை. வாழ்நாள் முழுதும் மற்றவர்களின் அணியில் ஆடி, மண்குவளையிலிருந்து மெல்ல மெல்லப் பெவிலியனுக்குள் வந்த மனிதர், ஒரே குடத்தில் எல்லாப் பெயரும் ஒருநாள் விழும் என்று நம்பியிருக்கலாம். அந்தக் குடத்தைக் குலுக்குபவர்கள் யாரென்று அம்பேத்கர் கேட்டார். அறுபது ஆண்டுகள் கழித்து, பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவியில் 1996-இலிருந்து 2006 வரை எவரையும் நிலைக்கவிடாமல் செய்தார்கள். சட்டம் ஓலையில் பெயர் எழுதிக் கொடுத்தது, ஊர் குடத்தை ஒளித்துவைத்தது. குடவோலை கண்ட தமிழ்நாட்டில்தான் இதுவும் நடந்தது.

எதிர்வாதம் ஒன்று எனக்குள்ளேயே எழுகிறது. சேலம் சின்னப்பம்பட்டியிலிருந்து டென்னிஸ் பந்து வீசி வந்த நடராஜன் 2020-இல் வெறும் நெட் பவுலராக ஆஸ்திரேலியா போய், அதே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் அவர் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்ததைப் பார்த்து ஏரித்தரைகளில் ஆடும் எத்தனை பையன்கள் நிமிர்ந்திருப்பார்கள்! வலையில் மற்றவருக்காக வீசியவன் ஆட்டத்துக்குள் வந்துவிட்டான் அல்லவா, காலம் மாறிவிட்டது அல்லவா என்று கேட்கலாம். மாறியிருக்கிறது, அதை மறுப்பது அவர் உழைப்புக்குச் செய்யும் அநீதி. ஆனால் அவர் வர நேர்ந்த வழியையும் பார்க்க வேண்டும். கால் வேலி நிலம் இன்று வேறு உருவங்களில் இருக்கிறது. லெதர் பந்தும் டர்ஃப் விக்கெட்டும் பட்டணத்தில் இருக்கின்றன. டிவிஷன் லீக் சென்னையில் நடக்கிறது. உத்திரமேரூரிலிருந்து விடியற்காலைப் பேருந்து பிடித்து, பயிற்சிக்குப் போய், பள்ளிக்குத் திரும்பும் பையன் கிடையாது. கால்காப்பு, கையுறை, ஆங்கில வில்லோ மட்டை என்று ஒரு கிட் வாங்கும் காசில் ஒரு குடும்பம் பல மாதம் அரிசி வாங்கலாம். இத்தனைக்கும் மேலே, பையனைப் பார்த்து “இவன் யார் வீட்டுப் பிள்ளை” என்று கேட்கும் பழக்கம். 2024-இல் வந்த ‘புளூ ஸ்டார்’, ‘லப்பர் பந்து’ ஆகிய இரண்டு படங்களும் ஊர் கிரிக்கெட்டுக்குள் இருக்கும் சாதியைப் பேசின. நம் திரையரங்குகள் நிறைந்தன. அரக்கோணம் பக்கத்து ரயில்வே தண்டவாளமும் காலனி டீமும் திரையில் வந்தபோது எங்கள் வட்டாரத்துக்கு அது கதையாகத் தெரியவில்லை. படம் முடிந்து வெளியே வந்தவர்கள் மறுநாள் டோர்னமெண்ட் நோட்டை எடுத்து எப்படி எழுதினார்கள் என்பதில்தான் அந்தக் கைத்தட்டலின் மதிப்பு இருக்கிறது.

ஆட விட்டவர்களே அந்த இடத்தை எந்நேரமும் திருப்பிக் கேட்கலாம் என்ற நிலையும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் டோக்கியோவில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்ற அன்று, வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் ஆட்கள் கூடி வெடி வெடித்து, அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோல்வி என்று வைதார்கள். அதே ஒலிம்பிக்கில் அவர் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்து அணியைக் காலிறுதிக்குக் கொண்டுவந்தவர். 2023 ஜூனில் குஜராத்தின் பாட்டன் மாவட்டத்துக் காகோஷி கிராமத்தில், ஆட்டம் பார்க்கப் போன ஒரு தலித் சிறுவன் தன் பக்கம் வந்த பந்தை எடுத்ததில் தொடங்கிய சண்டை, அவன் மாமாவின் கட்டை விரல் வெட்டப்பட்டதில் முடிந்தது. தன் பக்கம் உருண்டுவரும் பந்தைக் குனிந்து எடுக்காத பிள்ளை உலகத்தில் உண்டா? உருளும் பந்துக்கு முன்னால் எந்தப் பிள்ளையும் சாதி பார்ப்பதில்லை. பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறோம், அதற்கு அரிவாள் வரைக்கும் போகிறோம்.

பாலுவின் வாழ்க்கையில் 1911-ஐத்தான் எல்லாரும் எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு 1920 முக்கியம். அந்த ஆண்டு நான்முனைப் போட்டியில் பாலுவை அணியிலிருந்து விலக்கினார்கள். தலைமைக்கும் பல்வாங்கர் குடும்பத்தில் எவரையும் எண்ணவில்லை. தம்பிகள் விட்டலும் சிவ்ராமும் ஆட மறுத்தார்கள். மறுத்ததோடு நிற்காமல், இதற்குக் காரணம் சாதிதான் என்று ஊரறிய அறிக்கை விட்டார்கள். இறுதி ஆட்டத்துக்குள் தேர்வுக்குழு இறங்கி வந்தது: பாலு அணிக்குத் திரும்பினார், துணைத் தலைவரானார், தலைவர் பை களத்தைவிட்டு வெளியே போய் நின்ற நேரத்தில் அணியை நடத்தினார். மூன்றாண்டு கழித்து, 1923-இல், விட்டல் இந்து அணியின் தலைவரானார். ஐரோப்பியர்களை வென்றபோது கூட்டம் அவரைத் தோளில் தூக்கிச் சென்றது. இருபது ஆண்டுகளாகப் பாலு எடுத்த விக்கெட்டுகள் செய்யாததை, இரண்டு பேர் பந்தைக் கீழே வைத்தது செய்தது. திறமை ஆளை மைதானம் வரைக்கும் கொண்டுவந்தது. தேர்வு செய்யும் இடத்தை அசைக்க, உங்கள் வெற்றிக்கு எங்கள் கை வேண்டுமென்றால் எங்கள் சொல்லும் வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே எங்கள் ஏரிகளில் ஆடும் பையன்களுக்குப் பாலுவைச் சொல்லும்போது விட்டலையும் சிவ்ராமையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். நான்கு ஓவருக்கு மட்டும் கூப்பிடும் டீமிடம், நோட்டு எழுதும்போதும் கூப்பிடு என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. அப்படி அவர்கள் சொல்லும் நாளில், ஊர் டீமில் இருக்கும் பையன்களில் இரண்டு பேராவது அவர்களோடு சேர்ந்து பந்தைக் கீழே வைக்க வேண்டும். இந்த இரண்டாவது வேலைதான் கடினம். அதைச் செய்ய வேண்டியவர்கள் கால் வேலிக்காரர்களின் பிள்ளைகள், அதாவது இந்தச் சுவர் யாருடைய பெயரில் இருக்கிறதோ அவர்கள்.